தேதி தவறாத பணம்



இந்தப் பட்டமளிப்பு மேடைக்கு வழக்கமாக ஒரு துணைவேந்தர் வருவார். இல்லையென்றால் ஒரு நீதிபதி, ஒரு விஞ்ஞானி. அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, துணை அஞ்சலகம் ஒன்றில் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்ற ஆளை யாரும் அழைப்பதில்லை. கல்லூரி முதல்வர் போனில் பேசியபோது வேறு யாருக்கோ போட வேண்டிய எண்ணை எனக்குப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். "உங்க டிரஸ்ட் உதவியில படிச்ச பிள்ளைங்க சில பேர் இந்த வருஷம் டிகிரி வாங்குறாங்க சார், நீங்க வரணும்" என்றார். அந்தப் பிள்ளைகள் யாரென்று எனக்குத் தெரியும். இந்த அரங்கில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் இங்கிருந்து தெரிகிறது. பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் போட்டிருக்கும் அங்கி வாடகைக்கு எடுத்தது, மதியத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று கேள்விப்பட்டேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன். இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கி நடத்துவது எப்படிப்பட்ட வேலை என்பதுதான் அது.

அஞ்சலகக் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு ஊரின் பணக் கஷ்டம் மாதவாரியாகத் தெரியும். தை மாதத்தில் ஒரு கூட்டம், ஆடியில் ஒரு கூட்டம், தீபாவளிக்கு முன் ஒரு கூட்டம். ஜூன் மாதம் வருகிற கூட்டம் தனி. அது பெண்கள் கூட்டம். கையில் ஆர்.டி. என்கிற தொடர்வைப்புக் கணக்கின் பாஸ்புத்தகம் இருக்கும். ஐந்து வருடக் கணக்கு, அறுபது தவணை. மாதம் நூறு, இருநூறு என்று கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். முப்பத்தெட்டோ நாற்பதோ தவணை முடிந்திருக்கும். "முடிச்சிக் குடுத்துடு சார்" என்பார்கள். மூன்று வருடம் தாண்டியிருந்தால் முன்கூட்டி முடிக்க விதி இருக்கிறது. ஆனால் ஆர்.டி. வட்டி கிடைக்காது, சேமிப்புக் கணக்கு வட்டிதான். நான் சொல்லிப் பார்ப்பேன். "இன்னும் ரெண்டு வருஷம்கூட இல்ல, பொறுத்தா முழுசா வரும்மா, இல்லைன்னா பாதிக்கு லோன் போட்டுக்கலாம்." கேட்க மாட்டார்கள். பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கும், திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும். விடுதியில் முன்பணம், ஒரு பெட்டி, பக்கெட், இரண்டு செட் துணி. மொத்தம் போட்டால் சில ஆயிரம்தான்.

இதில் என்னை உறுத்தியது ஒன்று. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறையோ பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையோ கொடுக்கும். கொடுக்கவும் செய்தது. ஆனால் கல்லூரி திறந்து பல மாதம் கழித்து, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கணக்கில் வந்து விழும். அதற்குள் சிலர் படிப்பை விட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பணம் ஏட்டில் இருந்தது. ஜூன் மாதத் திங்கட்கிழமை அன்று கையில் இல்லை.

எங்கள் அறக்கட்டளை தொடங்கியது அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான். அஞ்சலக ஊழியர்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர் சேர்ந்து ஆளுக்கொரு ஆர்.டி. ஆரம்பித்தோம். முதிர்வு எல்லாம் மே மாதத்தில் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டோம். பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்தியவனுக்கு வேறு என்ன தோன்றும்?

இந்தக் காரியத்தில் நமக்கு முன்னோடிகள் உண்டு. சென்னையில் பச்சையப்பன் கல்லூரி தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். அண்ணா படித்த கல்லூரி. அந்தப் பெயருக்குரிய பச்சையப்ப முதலியார் 1754இல் பெரியபாளையத்தில் பிறந்தவர். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். பட்டணத்தில் துபாஷியாக, அதாவது ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பவராகவும் தரகராகவும் இருந்த நாராயண பிள்ளை என்பவர் ஆதரித்துத் தொழில் பழக்கியதால் பையன் முன்னுக்கு வந்தான். அதாவது, இன்று நாம் சொல்கிற மொழியில், அவரே ஒரு நன்கொடையாளரால் வளர்ந்த பிள்ளை. பிற்பாடு பெரும் பொருள் ஈட்டி, 1794இல் உயில் எழுதி வைத்துவிட்டு, அதே ஆண்டு நாற்பது வயதில் திருவையாற்றில் இறந்தார்.

உயில் பெரும்பாலும் கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் எழுதப்பட்டது. அதுவும் உடனே நடக்கவில்லை. பணத்தை வைத்திருந்தவர்கள் கொடுக்கவில்லை, உறவினர்கள் வழக்காடினார்கள், விவகாரம் அந்தக் காலத்துச் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பல பத்தாண்டுகள் இழுத்தது. அந்தக் காலமெல்லாம் பணம் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியில், கட்டளைகளுக்குப் போக எஞ்சிய தொகையைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்தது. 1842இல் பிராட்வேயில் பள்ளி திறந்தார்கள். உயில் எழுதியவர் இறந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து!

பச்சையப்பரை வள்ளல் என்று எல்லோரும் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். அஞ்சலகக்காரனாகிய எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. பெருந்தொகை தயாராக இருந்தும், அதைக் கொடுக்க முறையான ஆளும் பத்திரமும் இல்லாததால் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் பார்க்காமல் போனார்கள். பத்திரம் சரியானவுடன் அதே பணம் இன்றுவரை படிக்க வைக்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கதவு நெடுங்காலம் எல்லோருக்கும் திறக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பிற சமயத்தாருக்கும் இருபதாம் நூற்றாண்டில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் யார் யார் வேறு கதவுகளைச் செய்தார்கள் என்பதையும் நீங்கள் படிக்க வேண்டும். அடையாற்றில் 1894இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி ஒன்று. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் இன்னொன்று. சகஜானந்தர் ஆரணிப் பக்கத்துக்காரர், நம் வட்டாரத்து மனிதர். கையில் சொத்து எதுவும் இல்லாமல், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஊர் ஊராகக் கேட்டுத் திரட்டி நடத்தினார். வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் யாராவது அவரைப் பற்றி முதுகலைக்கு ஆய்வு செய்தால் நான் மகிழ்வேன்.

பணமும் பத்திரமும் இருந்தால் போதுமா? போதாது. எது தடை என்று தெரிய வேண்டும். அதற்கு நம் ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே போகிறேன்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில், கரீபா ஏரிக்குப் பக்கத்தில் மோலா என்று ஒரு பகுதி. அங்கே வாழ்கிற டோங்கா மக்கள் ஜாம்பேசி ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள். 1950களில் கரீபா அணை கட்டியபோது வறண்ட மேட்டுக்கு விரட்டப்பட்டவர்கள். 1991இல் ஆன் காட்டன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி அங்கே போனார். பெண் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று ஆராயப் போனவர். அப்போது எல்லோரும் சொன்ன காரணம், அது அவர்கள் பண்பாடு, பெண்ணைப் படிக்க வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை என்பது. வீடு வீடாகப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில் வேறு. பெற்றோருக்கு எல்லாப் பிள்ளைகளையும் படிக்க வைக்கத்தான் ஆசை. கட்டணம், சீருடை, நோட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பிள்ளைக்குத்தான் காசு இருக்கிறது. சம்பள வேலை பையனுக்குத்தான் கிடைக்கும் வாய்ப்பு, ஆகவே பையனை அனுப்புகிறார்கள். மோலாவில் கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்டு நூறு கிலோமீட்டர் நடந்தே வந்து, தாங்களே குடிசை போட்டுக்கொண்டு படித்த இரண்டு பெண்களை அவர் அங்கே சந்தித்தார். பண்பாடு தடுக்கிறதாம்!

ஊர் திரும்பிய காட்டன் கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் செய்து விற்றுப் பணம் சேர்த்தார். 1993இல் கேம்ஃபெட் என்ற அமைப்பாக அது ஆனது. முதல் ஆண்டு 32 பெண்கள். கட்டணம் மட்டும் கொடுக்கவில்லை. சீருடை, காலணி, தேர்வுப் பணம், மாதவிடாய்க் காலத்துக்கு வேண்டியது, தேவைப்பட்டால் தங்கும் இடம் வரை பார்த்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை ஊர்ப் பெரியவர்களும் பள்ளியும் தாய்மார்களும் சேர்ந்து முடிவு செய்தார்கள். 1998இல், படித்து முடித்த பெண்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்தார்கள். இன்று பல நாடுகளில் லட்சக்கணக்கான உறுப்பினர்கள். அவரவர் ஊரில் அடுத்த பிள்ளைகளைத் தாங்குகிறார்கள். தொடக்க காலத்தில் உதவி பெற்ற மாணவிகளில் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வாதான் பின்னாளில் அந்த அமைப்புக்கே தலைமைச் செயல் அலுவலர் ஆனார். நம் ஊரிலும் இதற்கு இணை உண்டு. நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளையில், அங்கே படித்து வெளியேறியவர்களே தன்னார்வலராகத் திரும்பி வந்து புதிதாக விண்ணப்பித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிறார்கள். குடிசைக்குள் குனிந்து நுழையத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே என்ன தடை?

பள்ளிக் கட்டணம் தடை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் பாடநூல் இலவசம். நோட்டு, சீருடை, பை, செருப்பு, பஸ் பாஸ் இலவசம். பிளஸ் ஒன் போனால் சைக்கிள். மதியம் சோறு, சின்னப் பிள்ளைகளுக்குக் காலையிலும் உணவு. இது ஒரே நாளில் வந்ததில்லை. 1920இல் சென்னை மாநகராட்சியில் தியாகராயச் செட்டியார் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அந்தச் செலவுக்கு மேலிருந்து தடை வந்து தடுமாறியது. 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாகப் பெருக்கினார். 2022இல் காலை உணவு வந்தது. காமராசர் காலத்தில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். முதலாவது 1958இல் கடம்பத்தூரில். நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், குடிநீர்ப் பானை என்று ஊரார் தங்களால் ஆனதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெயர் பதித்த கல்வெட்டு கூட இல்லாமல் எத்தனையோ பேர். இதையெல்லாம் நான் சொல்வது எதற்கென்றால், அறக்கட்டளை நடத்துகிறவர்களுக்கு ஒரு நோய் வரும். அரசு ஒன்றும் செய்யவில்லை, நாங்கள்தான் செய்கிறோம் என்று பேச ஆரம்பிப்பார்கள். எங்கள் ஆண்டுச் செலவு மொத்தமும் இந்த மாவட்டத்தின் ஒரு நாள் சத்துணவுக்குப் பக்கத்தில் கூட வராது. அரசு போட்ட பெரிய துணியில் அங்கங்கே விட்டுப்போன தையலைப் போடுகிற வேலைதான் எங்களுடையது.

விட்டுப்போன தையல் எங்கே என்றால், ஒன்று செங்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் அழைத்துப் போவார். திரும்ப ஜூன் ஆகும். பள்ளி ஆண்டின் கடைசிப் பகுதி முழுக்கப் போச்சு. பதிவேட்டில் அந்தப் பிள்ளை 'நீண்ட விடுப்பு'. கரும்பு வெட்டப் போகிற குடும்பங்களுக்கும் இதே கதை. ஒரு தாயிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொன்னபோது அவர் கேட்டார்: "உட்டுட்டுப் போனா ராத்திரிக்கு யாரு சார் சோறு போடுவாங்க? நீயா வந்து போடுவ?" நியாயமான கேள்வி. அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள், விடுதிகள் இருக்கின்றன. எல்லா ஊருக்கும் எட்டவில்லை, எட்டிய இடத்திலும் ஜனவரியில் புதிதாகச் சேர்க்க இடம் இருப்பதில்லை. ஆகவே அந்தந்தத் தெருவிலேயே ஒரு பாட்டியையோ சித்தியையோ பிடித்து, ஐந்து மாதத்துக்கு மாதாமாதம் அரிசிக்கும் காய்க்கும் கொடுக்கிறோம். பிள்ளை தன் ஊரிலேயே இருக்கும். கல்வி உதவி என்று எங்கள் கணக்கில் எழுதியிருப்பதில் பெரும்பகுதி அரிசி. ஆடிட்டர் முதல் வருடம் புருவத்தை உயர்த்தினார், இப்போது அவரே இரண்டு மூட்டை அனுப்புகிறார்.

இன்னொன்று சான்றிதழ். பழங்குடிப் பிள்ளைக்கு இனச்சான்று கோட்டாட்சியர் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குச் சான்று இருந்தால் பிள்ளைக்குக் கிடைக்கும்; அப்பாவுக்கே இல்லையென்றால்? இருளர் குடும்பங்களில் இது தலைமுறைச் சிக்கல். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, சான்று இல்லாததால் உதவித்தொகையும் இல்லாமல் இடஒதுக்கீடும் இல்லாமல் மரம் வெட்டப் போகும். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்து இதற்காகவே ஆண்டுக்கணக்கில் போராடியவர். ஒரு சான்றுக்கு ரூபாய்ச் செலவு அதிகமில்லை. ஒரு ஆளின் பகல் பொழுதுகள் செலவு. அலுவலக வாசலில் காத்திருக்க, எழுதத் தெரிந்த, எரிச்சல் படாத ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆள் நன்கொடையை விட அரிது.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வரைதான் அதன் எல்லை. எட்டாம் வகுப்பு தாண்டியதும் சட்டம் கையை விட்டுவிடும். அந்த வயதில்தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் கூப்பிட வருவார்கள், அந்த வயதில்தான் பெண்ணுக்கு வரன் வரும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு எழுதி வென்றால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருகிறது. அந்தத் தேர்வுக்கு மாலையில் பயிற்சி கொடுக்க, ஊரிலேயே பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களைச் சம்பளத்துக்கு வைக்கிறோம். எங்கள் பணத்தில் மிக நன்றாக விளைவது இதுதான் என்பது என் கணிப்பு. ஒரு பெண்ணுக்கு வேலை, ஒரு தெருவுக்கு வெளிச்சம், தேறிய பிள்ளைக்கு நான்கு வருடத்துக்கு அரசுப் பணம். எல்லோரும் தேறுவதில்லை. பிளஸ் ஒன்னில் நிறுத்திக்கொண்டு மில்லுக்குப் போன பெண்கள் உண்டு. போனவர்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை.

இனி, பெயர் சொல்லாத விஷயம்.

மே மாதம் தேர்வு முடிவு வந்தால் செய்தித்தாளில் ஒரு படம் வரும். கூலித் தொழிலாளி மகள் 585 மதிப்பெண், மேற்படிப்புக்கு உதவி கோருகிறார். மறுநாள் பணம் குவியும், சில சமயம் தேவைக்கு மேல். நல்லதுதான். அதே தெருவில் 340 வாங்கிய பையனுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஹோட்டலில் மேசை துடைத்துவிட்டு வந்து அந்த 340ஐ வாங்கியவன் அவன். எங்கள் விதி, முதலில் அவனைப் பார்ப்பது. மிகச் சிறந்த மாணவருக்குக் கைகொடுக்க நாடே இருக்கிறது.

அடுத்த விதி, யார் பணம் யாருக்குப் போகிறது என்று இரு பக்கமும் சொல்வதில்லை. வெளிநாட்டு அமைப்புகள் பல, ஒரு நன்கொடையாளருக்கு ஒரு குழந்தை என்று இணைத்து, படம் அனுப்பி, கடிதம் எழுத வைப்பார்கள். பணம் திரட்ட நல்ல வழி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிரித்த முகமுள்ள குழந்தைக்கு உடனே ஆள் கிடைக்கும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் கிடைக்காது. கொடுத்தவர் நல்லவராகவே இருந்தாலும், அரையாண்டில் கணக்கில் மதிப்பெண் குறைந்தால் போன் செய்து 'ஏன் குறைஞ்சது?' என்று கேட்பார். அந்தக் கேள்வி பிள்ளையின் காதுக்குப் போகும். அப்புறம் அவன் கணக்குப் போடமாட்டான், கணக்குச் சொல்லுவான். எல்லாப் பணமும் ஒரே உண்டியல், எல்லாப் பிள்ளையும் ஒரே பட்டியல். மேடை ஏற்றிக் காசோலை கொடுத்து அட்டைப் பலகையோடு படம் எடுப்பது கிடையாது. ஒரு தொழிலதிபர் பெருந்தொகை தருவதாகச் சொன்னார், பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஒரு போட்டோ மட்டும் என்றார். நாங்கள் நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த ஆண்டு ஜூனில் கை கடித்தது என்பதும் உண்மை. சேர்த்துக்கொள்ள முடியாமல் போன பிள்ளைகள் இருந்தார்கள். விதி சரியா என்று எங்கள் கூட்டத்தில் அன்றைக்கும் சண்டை, இன்றைக்கும் சண்டை. நான் இன்னும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

உங்களில் சிலருக்கு இப்போதே ஓர் அறக்கட்டளை தொடங்க வேண்டும் என்று தோன்றலாம். பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது ஒரு நாள் வேலை. பிறகுதான் இருக்கிறது. பான் எண், இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, வருமான வரித்துறையில் பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் அதற்கு ஒரு தனி அனுமதி, ஆண்டுதோறும் தணிக்கை. ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடியுரிமை உள்ள நண்பன் தன் சம்பளத்தில் அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நண்பன் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிச் சட்டம், தனி அனுமதி, டெல்லியில் ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கு. இவற்றைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. வணிகவியல் படித்த பிள்ளைகள் இங்கே நூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள், இருக்கிற சின்னச் சின்ன அறக்கட்டளைகள் எல்லாம் கணக்கு எழுத ஆளில்லாமல் தவிக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

எதைத் தொடங்கினாலும் ஒரு கணக்கை முதலில் போடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையை எடுத்தால் பட்டம் வரை பத்து ஆண்டு. உங்களுக்குக் கல்யாணம் ஆகும், வீட்டுக் கடன் வரும், வேலை போகும், அப்பாவுக்கு ஆபரேஷன் நடக்கும். அந்தப் பத்து வருடமும் ஜூன் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பத்துப் பிள்ளைக்கு உற்சாகம் இருந்தால் இரண்டு பிள்ளையை எடுங்கள். மிச்ச எட்டுப் பிள்ளைக்கான பணத்தை வைப்பில் போடுங்கள். ஊரார் கஞ்சன் என்பார்கள். எங்களையும் சொன்னார்கள். பாதியில் கைவிடப்பட்ட பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிப் படித்த பெண்கள் இங்கே நிறைய இருப்பீர்கள். பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. அந்த ஆயிரம் எந்தத் தேதியில் வந்தது, வராத மாதம் என்ன செய்தீர்கள், யாரிடம் கைமாற்று வாங்கினீர்கள் என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? எந்த அதிகாரிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அறிவோடு உங்கள் பழைய அரசுப் பள்ளிக்கு ஒரு நடை போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பல ஊரில் அந்த இடத்தில் பெயர் மட்டும் இருக்கிறது, ஆள் வருவதில்லை. கூட்டத்துக்குப் போய், பொங்கலுக்குப் பிறகு யார் யார் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். தலைமையாசிரியர் முதலில் முறைப்பார், இரண்டாவது கூட்டத்தில் டீ சொல்லுவார்.

முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு சிறு தொகையை, முந்நூறோ ஐந்நூறோ, மாதாமாதம் தானாகவே போகிற மாதிரி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்களுக்குத்தான் என்றில்லை, நம்பிக்கை உள்ள எந்த அமைப்புக்கும். பிறந்தநாளுக்கு ஒருமுறை ஐயாயிரம் கொடுப்பவரைவிட, மாதம் ஐந்நூறு தவறாமல் கொடுப்பவரை வைத்துத்தான் நாங்கள் ஒரு பிள்ளையிடம் 'உன்னைப் படிக்க வைக்கிறோம்' என்று வாக்குக் கொடுக்க முடிகிறது.

கடைசியாக ஓர் அறிவிப்பு, முதல்வர் அனுமதியோடு. வெளியே சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பணம் வாங்க இல்லை, இன்று உங்கள் யாரிடமும் பணம் இருக்காது என்று தெரியும். வருகிற மே கடைசி வாரம் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, கல்லூரி விண்ணப்பம் நிரப்பவும் சான்றிதழுக்கு அலையவும் ஆட்கள் வேண்டும். செங்கம், ஜவ்வாது மலை, கலசபாக்கம் பக்கம் போக வர வசதி உள்ளவர்கள், பைக் ஓட்டத் தெரிந்தவர்கள், கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மூன்று மணி நேரம் உட்காரப் பொறுமை உள்ளவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். பெண்கள் அதிகம் வேண்டும். இப்படி அலைய எங்களிடம் இருப்பதெல்லாம் என்னைப் போன்ற கிழவர்கள்; வயசுப் பெண் இருக்கிற வீட்டில் எங்களை வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் தருவோம். சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும்.